சவ்வுப் புரதத்தின் அமைப்பை மென்பொருளில் வரைவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நடுவில் ஒரு பட்டையாகச் சவ்வு. அதை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாகக் கடந்து போகும் வட்டங்களின் வரிசை. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் அமினோ அமிலத்தின் எழுத்து. சவ்வுப் புரதங்களைப் பற்றிப் படிக்கும் எவரும் இந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். ஸ்னேக் பிளாட் என்பார்கள், டோபாலஜி படம் என்றும் சொல்வதுண்டு. இன்று இணையத்தில் புரதத்தின் தரவுத்தள எண்ணைத் தட்டினால் சில விநாடிகளில் இப்படம் வந்துவிடும். ஆனால் அந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு வட்டமும் ஒரு கூற்று. 'இந்த அமினோ அமிலம் செல்லுக்கு வெளியே இருக்கிறது', 'இது சவ்வுக்குள் புதைந்திருக்கிறது', 'இது சைட்டோபிளாசத்தில் இருக்கிறது' என்று நாம் சொல்கிறோம். அதனால் வரையும் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

உதாரணத்துக்கு ஒரே புரதத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்வோம்: மனிதரின் பீட்டா-2 அட்ரினெர்ஜிக் ஏற்பி, அதாவது செல்லின் சவ்வில் இருந்து அட்ரினலினைப் பற்றிக்கொள்ளும் புரதம். 413 அமினோ அமிலங்கள், சவ்வை ஏழு முறை கடக்கிறது, 2007ல் இதன் படிக அமைப்பு வெளியானது. ஜி-புரத ஏற்பிகள் பற்றிய ஆய்வுக்காக ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பிரையன் கோபில்காவும் 2012ல் வேதியியல் நோபல் பெற்றதில் இந்த ஏற்பிக்குப் பெரிய பங்கு உண்டு. ஏராளமாக ஆராயப்பட்ட புரதம் என்பதால், நாம் வரைந்தது சரியா என்று சோதித்துப் பார்க்க வசதியானது.

எந்த வகைப் படம் வேண்டும்?

மூன்று வகைகள் உண்டு. சவ்வைக் கடக்கும் சுருள்களை (புரதத்தின் சுருண்ட பகுதிகளை) உருளைகளாகக் காட்டும் எளிய வரைபடம் முதல் வகை. அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் காட்டும் ஸ்னேக் பிளாட் இரண்டாவது. உண்மையான முப்பரிமாண அமைப்பைச் சவ்வுக்குள் வைத்துக் காட்டுவது மூன்றாவது.

எதைச் சொல்லப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள். 'இந்த மரபணு மாற்றம் புரதத்தில் எந்த இடத்தில் வருகிறது', 'இந்தப் பெப்டைடுகள் (புரதத் துண்டுகள்) எங்கிருந்து கிடைத்தன' போன்ற கேள்விகளுக்கு ஸ்னேக் பிளாட்டுக்கு இணை இல்லை. மருந்து எங்கே பிணைகிறது, எந்தச் சுருள் எதன் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டுமானால் ஸ்னேக் பிளாட் தவறான தேர்வு. அதில் முதல் சுருளும் ஏழாவது சுருளும் படத்தின் இரு கோடிகளில் நிற்கும். உண்மையில் அவை ஒன்றையொன்று ஒட்டியிருக்கின்றன. சொற்பொழிவில் பத்து விநாடி மட்டுமே திரையில் இருக்கப்போகும் படத்துக்கு உருளைகள் போதும். 413 எழுத்துகளை அங்கே யாரும் படிக்க மாட்டார்கள்.

படி 1: சரியான வரிசையை எடுங்கள்

அமினோ அமில வரிசையை யூனிப்ராட் தரவுத்தளத்திலிருந்து எடுப்பதே நல்லது. நம் ஏற்பியின் அடையாள எண் பி07550 (முதல் எழுத்தை ஆங்கிலத்தில் தட்டவும்).

முப்பரிமாண அமைப்பு இருக்கிறதே, அதிலிருந்தே வரிசையை எடுத்தால் என்ன என்று தோன்றலாம். அதில் சிக்கல் இருக்கிறது. படிகமாக்குவதற்காகப் புரதத்தை வெட்டியும் ஒட்டியும் மாற்றியிருப்பார்கள். 2007ல் வெளியான 2ஆர்எச்1 அமைப்பையே பாருங்கள். மூன்றாவது உள் வளையத்தின் (இரு சுருள்களைச் செல்லுக்குள் இணைக்கும் பகுதியின்) பெரும்பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டி4 லைசோசைம் என்ற முற்றிலும் வேறான புரதத்தைச் செருகியிருக்கிறார்கள். வால் பகுதி 365க்குப் பிறகு வெட்டப்பட்டிருக்கிறது. 187ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ஆஸ்பராஜின், சர்க்கரை ஒட்டாமல் இருப்பதற்காக குளுட்டாமிக் அமிலமாக மாற்றப்பட்டிருக்கிறது. இந்த வரிசையை அப்படியே வரையும் மென்பொருளில் போட்டால், ஐந்தாவது சுருளுக்கும் ஆறாவது சுருளுக்கும் நடுவில் ஒரு வைரஸின் நொதி தொங்கும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது.

அடுத்தது எண்ணிடல். சில புரதங்களில் முன்பகுதி வெட்டப்பட்ட பிறகே முதிர்ந்த புரதம் உருவாகும். பாக்டீரியோரோடாப்சின் என்ற சவ்வுப் புரதத்தில் ரெட்டினால் என்ற நிறமி ஒட்டியிருப்பது 216ஆம் லைசின் என்று எல்லாக் கட்டுரைகளிலும் படிப்பீர்கள். யூனிப்ராட் வரிசையில் 216ஐத் தேடினால் அங்கே லைசின் இருக்காது. ஏனென்றால் அந்த வரிசை வெட்டப்படும் 13 அமினோ அமிலங்களையும் சேர்த்து எண்ணுகிறது. அங்கே அந்த லைசினின் எண் 229. கட்டுரையில் சொன்ன இடமும் படத்தில் நிறமிட்ட இடமும் 13 தள்ளி நின்றால் படம் முழுவதும் பயனற்றது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அமினோ அமிலத்தை வரிசையில் கண்டுபிடித்து எண்ணைச் சரிபார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். நம் ஏற்பியில் 113ஆம் இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம் இருக்க வேண்டும். அட்ரினலின் வந்து பற்றிக்கொள்ளும் முக்கியமான இடம் அது.

படி 2: சவ்வுக்குள் எது இருக்கிறது?

இதுதான் வேலையின் மையம். சுருள்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று அறிய மூன்று வழிகள் உண்டு. நம்பகத்தன்மையின் வரிசையில் சொல்கிறேன்.

முப்பரிமாண அமைப்பு இருந்தால் ஓபிஎம் தரவுத்தளத்தில் தேடுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான இது, ஒவ்வொரு சவ்வுப் புரத அமைப்பையும் சவ்வில் எப்படிப் பதிந்திருக்கும் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறது. எந்த அமினோ அமிலத்திலிருந்து எதுவரை சவ்வுக்குள் இருக்கிறது என்ற பட்டியலும் கிடைக்கும். ஹங்கேரியில் உருவான பிடிபிடிஎம் தரவுத்தளமும் இதே வேலையை வேறு முறையில் செய்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அமைப்பு இல்லாவிட்டால் யூனிப்ராட் பதிவில் உள்ள டோபாலஜி பகுதியைப் (எந்தப் பகுதி சவ்வின் எந்தப் பக்கம் என்ற தகவலைப்) பாருங்கள். அதில் ஒவ்வொரு எல்லைக்கும் பக்கத்தில் ஆதாரம் குறிக்கப்பட்டிருக்கும். பரிசோதனையிலிருந்து வந்ததா, வெறும் வரிசைக் கணிப்பா என்று அது சொல்லிவிடும். பலர் இந்தக் குறிப்பைத் திறந்து பார்ப்பதே இல்லை. கணிப்பில் வந்த எல்லையை நிரூபிக்கப்பட்ட உண்மை போல வரைவதற்கும், கணிப்பு என்று படவிளக்கத்தில் சொல்லி வரைவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

இதுவும் இல்லையென்றால் கணிப்பு மென்பொருள்கள். டீப்டிஎம்எச்எம்எம், டாப்கான்ஸ், ஃபோபியஸ் ஆகிய மூன்றும் இணையத்தில் கிடைக்கும். குறைந்தது இரண்டிலாவது ஓட்டிப் பாருங்கள். சுருளின் எல்லை இரண்டு மூன்று இடம் முன்பின்னாக இருந்தால் கவலைப்பட வேண்டாம், அது இயல்பு. சுருள்களின் எண்ணிக்கையே மாறினால் நில்லுங்கள். ஒன்று ஆறு என்றும் மற்றது ஏழு என்றும் சொன்னால், பெரும்பாலும் முதல் சுருளில்தான் குழப்பம் இருக்கும். புரதத்தை ஏற்றுமதிப் பாதைக்கு அனுப்பும் சிக்னல் பெப்டைடும் நீர் வெறுக்கும் தன்மையுள்ளதுதான். அதனால் பழைய மென்பொருள்கள் அதைச் சவ்வுச் சுருள் என்று எண்ணிவிடும். அது பிறகு வெட்டப்பட்டுவிடும் பகுதி, முதிர்ந்த புரதத்தின் படத்தில் அதற்கு இடமில்லை. ஃபோபியஸும் டீப்டிஎம்எச்எம்எம்மும் இந்த இரண்டையும் பிரித்தறியக்கூடியவை.

வரிசையிலிருந்து முப்பரிமாண அமைப்பைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டின் அமைப்பு கிடைக்கிறதே என்று கேட்கலாம். பயன்படுத்தலாம். ஆனால் அது தரும் கோப்பில் சவ்வு இருக்காது. அந்த அமைப்பை ஓபிஎம் தளத்தோடு சேர்ந்த பிபிஎம் சேவையில் ஏற்றிச் சவ்வின் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். நம்பக மதிப்பெண் 50க்குக் கீழே உள்ள பகுதிகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நீண்ட வால்களும் வளையங்களும் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

நம் ஏற்பிக்கு யூனிப்ராட் தரும் ஏழு பகுதிகள் இவை: 35-58, 72-95, 107-129, 151-174, 197-220, 275-298, 306-329. நீளத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் 23 அல்லது 24. ஆல்ஃபா சுருளில் ஓர் அமினோ அமிலத்துக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம் உயரம். சவ்வின் கொழுப்பு மையம் ஏறத்தாழ 30 ஆங்ஸ்ட்ராம். ஆக நேராக நிற்கும் சுருளுக்கு 20 போதும், சாய்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல் தேவை. உங்கள் பட்டியலில் 14 நீளமுள்ள சுருளோ 38 நீளமுள்ள சுருளோ வந்தால் ஏதோ சரியில்லை, அல்லது ஏதோ சுவாரசியமாக இருக்கிறது. இரண்டில் எது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

படி 3: எந்தப் பக்கம் வெளியே?

சுருள்களின் எல்லை சரியாக இருந்தும் முழுப் படமும் தலைகீழாக வரக்கூடும். வரிசை தொடங்கும் முதல் முனை வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்ற ஒரே தகவல்தான் மீதி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சுருள்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் இரு முனைகளும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும். இரட்டைப்படையானால் ஒரே பக்கம். இது எளிய சோதனை, ஆனால் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு சோதனை குன்னர் வான் ஹெய்னே 1986ல் சுட்டிக்காட்டிய விதி: நேர்மின்னூட்டமுள்ள ஆர்ஜினினும் லைசினும் சைட்டோபிளாசப் பக்க வளையங்களில் அதிகமாக இருக்கும். நம் ஏற்பியின் மூன்றாவது உள் வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 221லிருந்து 239 வரையிலான 19 இடங்களில் 221, 227, 228, 232, 235, 239 என ஆறு இடங்களில் ஆர்ஜினின் அல்லது லைசின். சரி, இந்தப் பக்கம் உள்ளேதான். இதை நீங்கள் கையால் எண்ணிப் பார்க்க இரண்டு நிமிடம் கூட ஆகாது. நீளமான வளையங்களுக்கு இந்த விதி அவ்வளவு கறாராகப் பொருந்தாது என்பதால், சுருளை ஒட்டிய பகுதியை மட்டும் எண்ணுங்கள்.

படத்தில் வெளிப்பக்கத்தை மேலேயும் சைட்டோபிளாசத்தைக் கீழேயும் வைப்பது வழக்கம். செல்லின் உட்பகுதிச் சவ்வுகளுக்கு 'வெளி', 'உள்' என்று மட்டும் எழுதினால் குழப்பம்தான் வரும். எண்டோபிளாச வலையாக இருந்தால் லூமன் என்றும், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வாக இருந்தால் மேட்ரிக்ஸ், இடைச்சவ்வு வெளி என்றும், கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவாக இருந்தால் பெரிபிளாசம் என்றும் பெயரிட்டே எழுதுங்கள்.

படி 4: ப்ராட்டரில் வரைதல்

இப்போது மென்பொருள். நான் முதலில் பரிந்துரைப்பது ப்ராட்டர். சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச இணையக் கருவி இது. எதையும் நிறுவ வேண்டியதில்லை.

புரதப் பெட்டியில் யூனிப்ராட் எண்ணைக் கொடுங்கள். சொந்த வரிசையாக இருந்தால் அதையே ஒட்டலாம். யூனிப்ராட் எண் கொடுத்தால் அங்குள்ள டோபாலஜி தகவலை எடுத்துக்கொள்ளும். வெறும் வரிசை கொடுத்தால் ஃபோபியஸ் கணிப்பைப் பயன்படுத்தும். சிறிது நேரத்தில் முதல் படம் வந்துவிடும்.

அந்தப் படத்தோடு நின்றுவிடாதீர்கள். சவ்வுப் பகுதிகளைத் தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்பை மாற்றி, படி 2ல் நீங்கள் உறுதி செய்த எல்லைகளை உள்ளிடுங்கள். முதல் முனை வெளியே என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். நாளை தரவுத்தளம் புதுப்பிக்கப்பட்டாலும் உங்கள் படம் மாறாமல் இருக்க இதுதான் வழி.

அப்புறம் சுருள்களுக்கு எண் போடச் சொல்லுங்கள். விளக்கக் குறிப்பையும் காட்டச் சொல்லுங்கள். இவை இரண்டும் ஒரு சொடுக்கு வேலை.

படி 5: முக்கியமான இடங்களைக் குறித்தல்

ப்ராட்டரின் உண்மையான பலம் இங்கேதான். ஒவ்வொரு 'பாணி'க்கும் ஒரு பெயர், ஒரு வடிவம், நிறங்கள் கொடுக்கலாம். வடிவம் வட்டமாகவோ கட்டமாகவோ வைரமாகவோ இருக்கலாம். எந்த இடங்களுக்கு அந்தப் பாணி என்பதைப் பல வழிகளில் சொல்லலாம்: நேரடி எண்கள், எண் வரம்புகள், வரிசையில் தேட வேண்டிய ஒரு பெப்டைடு, ஒரு வடிவத்தேடல், அல்லது யூனிப்ராட் பதிவில் உள்ள ஓர் அம்சத்தின் பெயர். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் கிடைத்த பெப்டைடுகளை ஒட்டினால் அவை புரதத்தில் எங்கே விழுகின்றன என்று உடனே தெரியும்.

வடிவத்தேடல் வசதியானது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. நம் ஏற்பியிலேயே பார்ப்போம். ஆஸ்பராஜினில் சர்க்கரை ஒட்டும் இடங்களைத் தேட ஒரு வடிவம் உண்டு: முதலில் ஆஸ்பராஜின், அடுத்து புரோலின் தவிர வேறு எதுவும், மூன்றாவதாக செரின் அல்லது த்ரியோனின். இதைக் கொடுத்தால் ஆறு இடங்கள் நிறம் பெறும்: 6, 15, 187, 244, 405, 409. முதல் மூன்றும் செல்லுக்கு வெளியே. கடைசி மூன்றும் சைட்டோபிளாசத்தில். இந்தச் சர்க்கரை ஒட்டும் நொதி எண்டோபிளாச வலையின் உட்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம்தான் பிறகு செல்லின் வெளிப்பக்கமாக ஆகிறது. எனவே 244லும் 405லும் 409லும் இந்த ஒட்டுதல் நடக்க வழியே இல்லை. ஆறையும் 'கிளைக்கோசைலேற்றம்' என்று குறித்துப் படத்தை அனுப்பினால், பாதி தவறு. வடிவத்தேடலால் கிடைத்ததைப் பக்கத்தோடு ஒப்பிட்டு, 6, 15, 187 என்ற எண்களை நேரடியாகக் கொடுத்துவிடுங்கள்.

இதே உதாரணத்தைத் திருப்பியும் போடலாம். தெரியாத புரதம் ஒன்றில் சர்க்கரை ஒட்டியிருப்பது பரிசோதனையில் உறுதியான இடம் உங்கள் படத்தில் சைட்டோபிளாசப் பக்கம் வந்தால், உங்கள் டோபாலஜிதான் தவறு. படம் இங்கே சோதனைக் கருவியாகவே மாறிவிடுகிறது. எனக்கு இந்தப் படங்கள் மீது இவ்வளவு பற்று வந்ததற்குக் காரணமே இதுதான்.

நம் ஏற்பிக்கு நான் குறிப்பவை: பிணைப்பிடத்தின் 113, 203, 204, 207, மூன்றாவது சுருளின் உள்முனையில் 130 முதல் 132 வரையிலான டிஆர்ஒய் வரிசை (ஆஸ்பார்டிக் அமிலம், ஆர்ஜினின், டைரோசின்), ஏழாவது சுருளில் 322 முதல் 326 வரையிலான என்பி-ஒய் வரிசை (ஆஸ்பராஜின், புரோலின், இடையில் வேறு இரண்டு, பிறகு டைரோசின்), மக்களிடையே காணப்படும் மாறுபாடுகளான 16, 27, 164. நான்கு குழுக்களுக்கு நான்கு நிறங்கள். அதற்கு மேல் போனால் பார்ப்பவர் கண் விளக்கக் குறிப்புக்கும் படத்துக்குமாக அலைய ஆரம்பித்துவிடும். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஆரஞ்சும் நீலமும் பாதுகாப்பான சேர்க்கை. நிறத்தோடு வடிவத்தையும் மாற்றினால் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் படிக்க முடியும்.

டிஆர்ஒய் பற்றி ஒரு சொல். யூனிப்ராட் எல்லைப்படி மூன்றாவது சவ்வுப் பகுதி 129ல் முடிகிறது, எனவே படத்தில் 130 சவ்வுக்கு வெளியே தொங்கும். ஆனால் உண்மையான சுருள் அங்கே முடிவதில்லை, சவ்வைத் தாண்டியும் நீள்கிறது. சவ்வின் எல்லை வேறு, சுருளின் எல்லை வேறு. ஸ்னேக் பிளாட் முதலாவதைத்தான் காட்டுகிறது. இதைப் படவிளக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

படி 6: இங்க்ஸ்கேப்பில் மெருகேற்றல்

படத்தை எஸ்விஜி வடிவத்தில் பதிவிறக்குங்கள். பிஎன்ஜி எடுத்தால் பிறகு எதையும் திருத்த முடியாது. இங்க்ஸ்கேப் இலவசமானது, எஸ்விஜியைத் திறந்து குழுவைப் பிரித்தால் ஒவ்வொரு வட்டமும் தனித்தனியாகக் கையில் வரும்.

முதலில் இரண்டு சிஸ்டைன்களை இணைக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகள். சிஸ்டைன்களுக்கு நிறம் கொடுத்தால் மட்டும் போதாது, எது எதோடு இணைகிறது என்று கோடு வேண்டும். நம் ஏற்பியில் 106 இணைவது 191ஓடு. 184 இணைவது 190ஓடு. 190ம் 191ம் அடுத்தடுத்து இருப்பதால் கோடுகளை மாற்றிப் போட்டுவிடும் வாய்ப்பு அதிகம். பெரிதாக்கி வைத்து வரையுங்கள்.

அடுத்தது கொழுப்பு ஒட்டியிருக்கும் இடம். 341ஆம் சிஸ்டைனில் பால்மிட்டிக் அமிலம் ஒட்டிச் சவ்வில் ஊன்றுகிறது. ஆனால் தானாக வந்த படத்தில் வால் பகுதி கீழே தொங்கிக்கொண்டிருக்கும். 330க்கும் 341க்கும் இடையிலான வட்டங்களைச் சவ்வின் அடிப்பக்கத்துக்கு இணையாக நகர்த்தி, 341லிருந்து சவ்வுக்குள் ஒரு வளைந்த கோடு வரையுங்கள். படிக அமைப்பிலும் அந்தப் பகுதி சவ்வை ஒட்டிப் படுத்திருக்கும் ஒரு சிறு சுருள்தான்.

நீண்ட வளையங்கள் மூன்றாவது வேலை. 54 அமினோ அமிலங்கள் கொண்ட மூன்றாவது உள் வளையமும் 84 கொண்ட வாலும் படத்தின் பாதி இடத்தைத் தின்றுவிடும். உங்கள் கட்டுரை அவற்றைப் பற்றிப் பேசாவிட்டால் நடுப்பகுதியை எடுத்துவிட்டு, இரட்டைச் சாய்கோடு போட்டு, எடுத்த எண்ணிக்கையை எழுதுங்கள். எண்ணிக்கை எழுதாமல் வெட்டுவது வாசகரை ஏமாற்றுவது போலாகும்.

எழுத்தளவு கடைசியில். இதழ்களின் ஒற்றைப் பத்தி அகலம் பொதுவாக 85 முதல் 90 மில்லிமீட்டர். படத்தை அந்த அளவுக்குச் சுருக்கி அச்சிட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் இருக்கும் எழுத்து 5 புள்ளிக்குக் கீழே போனால் அது எழுத்தே இல்லை. அப்போது இரட்டைப் பத்தி அகலம் எடுக்க வேண்டும், அல்லது வளையங்களை வெட்ட வேண்டும்.

அடங்காத புரதங்கள்

மேலே சொன்னது எல்லாம் சவ்வை நேராகக் கடக்கும் சுருள்களுக்கு. எல்லாப் புரதங்களும் அப்படி ஒத்துழைப்பதில்லை.

அக்வாபோரின்-1 ஆறு முறை சவ்வைக் கடக்கிறது, இரு முனைகளும் சைட்டோபிளாசத்தில். அதோடு இரண்டு வளையங்கள் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து சவ்வுக்குள் பாதி வரை நுழைந்து, வந்த வழியே திரும்பிவிடுகின்றன. நீர் போகும் துளையின் நடுவில் சந்திக்கும் இரண்டு என்பிஏ வரிசைகள் (ஆஸ்பராஜின், புரோலின், அலனின்; 76-78, 192-194) இந்த வளையங்களில்தான் இருக்கின்றன. கணிப்பு மென்பொருள் இவற்றைத் தவறவிடலாம், அல்லது முழுச் சுருளாக எண்ணிவிடலாம். முழுச் சுருளாக எண்ணினால் அதற்குப் பின்னுள்ள எல்லாமே பக்கம் மாறிவிடும். யூனிப்ராட்டில் 'சவ்வுக்குள்' என்ற தனி அம்சமாக இவை குறிக்கப்பட்டிருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். மென்பொருள் சாதாரண வளையமாக வரைந்தால் எஸ்விஜியில் அந்த வட்டங்களைச் சவ்வின் நடுப்பகுதி வரை கையால் நகர்த்துவதே வழி.

சுருள்களுக்குப் பதிலாக நீட்டிய இழைகள் பீப்பாய் போல வளைந்து அமைந்த பீட்டா பீப்பாய்கள் முற்றிலும் வேறு. ஓம்ப்ஏ எட்டு இழைகள், ஓம்ப்எஃப் பதினாறு, மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் உள்ள விடாக் பத்தொன்பது. நீட்டிய இழையில் அமினோ அமிலங்கள் மாறி மாறி ஒன்று கொழுப்பையும் அடுத்தது உட்பக்கத்தையும் பார்ப்பதால், நீர் வெறுக்கும் நீண்ட தொடர் எதுவும் வரிசையில் இருக்காது. சுருளைத் தேடும் மென்பொருள் 'சவ்வுப் பகுதி இல்லை' என்றே சொல்லும். டீப்டிஎம்எச்எம்எம் பீப்பாய்களையும் கையாளும். வரைவதற்கு ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான டிஎம்ஆர்பிரெஸ்2டி பொருத்தமானது.

ஈ. கோலையின் எம்ஆர்ஈ போன்ற சில சிறிய புரதங்கள் இரு திசைகளிலும் பதிகின்றன. அவற்றுக்கு ஒரே படம் போட்டால் உண்மை பாதிதான் வரும். எதிரெதிராக இரண்டு படங்களைப் பக்கத்தில் வையுங்கள்.

வேறு கருவிகள்

ஜி-புரத ஏற்பிகள் மட்டுமே உங்கள் வேலை என்றால் ஜிபிசிஆர்டிபி தளத்தில் ஆயத்தமான ஸ்னேக் பிளாட் இருக்கிறது. நிறங்களை அங்கேயே மாற்றிப் பதிவிறக்கலாம். பாலெஸ்டரோஸ்-வைன்ஸ்டைன் எண்களும் கிடைக்கும். ஒவ்வொரு சுருளிலும் மிகவும் மாறாத இடத்துக்கு 50 என்று எண்ணிடும் முறை அது: நம் ஏற்பியின் 131ஆம் ஆர்ஜினின் 3.50, 113ஆம் ஆஸ்பார்டிக் அமிலம் 3.32. இரண்டு ஏற்பிகளை ஒப்பிடும்போது இந்த எண்கள் இல்லாமல் பேசவே முடியாது.

லாடெக் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில் எழுதுபவர்களுக்கு டெக்ஸ்டோப்போ. கட்டளைகள் கற்க ஓரிரு நாள் ஆகும். ஆனால் பல புரதங்களின் ஒப்பீட்டு வரிசையைக் கொடுத்தால் எந்த இடம் எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்பதை நிறமாகக் காட்டிவிடும். சுருளை மேலிருந்து பார்க்கும் சக்கரப் படமும் வரையும். ஒரே பாணியில் இருபது படங்கள் வேண்டுமென்றால் இதைத்தான் எடுக்க வேண்டும். ஒரு படத்துக்காக இதைக் கற்க வேண்டியதில்லை.

முப்பரிமாணத் துணைப்படம்

ஸ்னேக் பிளாட்டுக்குப் பக்கத்தில் ஒரு முப்பரிமாணப் படம் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்யும். ஓபிஎம் தளத்திலிருந்து கோப்பைப் பதிவிறக்குங்கள். சாதாரண அமைப்புக் கோப்பில் சவ்வு இருக்காது. இதில் சவ்வின் இரு பரப்புகளும் புள்ளிகளின் தளங்களாகச் சேர்க்கப்பட்டிருக்கும். முப்பரிமாண அமைப்பைக் காட்டும் மென்பொருள்களான பைமாலிலோ கைமெராஎக்ஸிலோ திறங்கள். சவ்வுக்குச் செங்குத்தான திசை இசட் அச்சில் இருப்பதால், எக்ஸ் அச்சைச் சுற்றி 90 டிகிரி திருப்பினால் சவ்வு படுக்கைவாட்டில் வந்துவிடும். வெளிப்பக்கம் கீழே போயிருந்தால் இன்னும் 180 டிகிரி திருப்புங்கள். லைசோசைமை மறைத்துவிடுங்கள். ஸ்னேக் பிளாட்டில் கொடுத்த அதே நிறங்களை இங்கும் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. எடுத்த படத்தை இங்க்ஸ்கேப்பில் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டாதீர்கள். பக்கவாட்டில் புரட்டினால் வலச்சுருள் இடச்சுருளாகிவிடும், அப்படிப்பட்ட புரதம் இயற்கையில் கிடையாது. திசை மாற வேண்டுமென்றால் மூல மென்பொருளில் சுழற்றி மறுபடி எடுங்கள்.

சேமித்தலும் படவிளக்கமும்

கோட்டுப்படங்களை எஸ்விஜி அல்லது பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். எழுத்துகளைப் பாதைகளாக மாற்றிய ஒரு பிரதி, மாற்றாத ஒரு பிரதி என இரண்டும் வைத்திருங்கள். முதலாவது இதழுக்கு, இரண்டாவது திருத்தத்துக்கு. ப்ராட்டரில் நீங்கள் கொடுத்த அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே இணைய முகவரியில் அடக்க முடியும். அந்த முகவரியைப் படத்தின் கோப்போடு ஓர் உரைக்கோப்பில் சேமித்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்து ஒரு நிறத்தை மாற்றச் சொன்னாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

படவிளக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: யூனிப்ராட் எண், சவ்வு எல்லைகள் எங்கிருந்து வந்தன, அவை பரிசோதனையா கணிப்பா, எண்ணிடல் முழு வரிசைக்கா முதிர்ந்த புரதத்துக்கா, வெட்டிய வளையங்கள் எவை, வரைந்த மென்பொருளும் அதன் பதிப்பும், கையால் நகர்த்திய பகுதிகள் எவை. கடைசி ஒன்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 341க்காக வாலை நகர்த்தியிருந்தால் அதை எழுதுங்கள், ஏனென்றால் அதே எண்ணைத் தட்டி ப்ராட்டரில் பார்க்கும் வாசகருக்கு வேறு படம்தான் தெரியும்.